மதுரை மணி ஐயரின் கச்சேரிப் பதிவுகள்: ரசிகர் ஏற்பும் சச்சரவும்

மதுரை மணி ஐயர் (1912–1968) தம் காலத்தில் மிகப் பெரிய ரசிகர் கூட்டத்தைக் கொண்டிருந்த கர்நாடக இசைப் பாடகர்களில் ஒருவர். 1959-ல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவர் கொடுத்த இசைத்தட்டுகள் குறைவு. இன்று ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் கைப்பேசியிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் அவருடைய கச்சேரிகளில் எடுக்கப்பட்ட நேரடிப் பதிவுகளே. வானொலிக் கச்சேரிகள், சபைக் கச்சேரிகள், கல்யாணக் கச்சேரிகள், ரசிகர்கள் தங்கள் ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் எடுத்துவைத்தவை என அவை பலவகைப்பட்டவை. அவர் மறைந்த பிறகு இவற்றில் ஒரு பகுதி வணிக வெளியீடாக வந்தது. ஒரு பகுதி கைமாறிக் கைமாறிப் பரவியது. இப்பதிவுகளை ரசிகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள், எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

மணி ஐயர் மதுரையில் பிறந்தவர். பாடகர் மதுரை புஷ்பவனம் ஐயர் அவருடைய சிற்றப்பா முறை. ராஜம் பாகவதரிடமும் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரிடமும் பயின்றார். அவருடைய முதல் கச்சேரி அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து அலவாக்கோட்டையில் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அப்போது அதே மாவட்டத்தில் இருந்த ஊர்கள். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே போனால் ராஜபாளையம்.

இந்த வட்டாரத்து ரசிகருக்குக் கச்சேரி கேட்க வழிகள் சிலவே. கோயில் விழா, கல்யாணம், வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963-ல்தான் வந்தது, மதுரைக்கு 1987 வரை நிலையமே இல்லை. முன்னாள் முதலமைச்சர் பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து ராஜபாளையத்தில் உருவாக்கிய காந்தி கலை மன்றம் கலைகளுக்கென்று அமைந்த இடம். இருந்தாலும் சென்னை மார்கழி சீசனைப் போல வாரக்கணக்கில் கச்சேரி கேட்கும் வாய்ப்பு இங்கே கிடையாது. ஆகவே, பழைய கச்சேரிப் பதிவு என்பது சென்னை ரசிகருக்கு நினைவூட்டல். இந்த ஊர்க்காரருக்கோ பலமுறை அதுவே முதல் கேள்வி. ரசிகர்களின் கருத்துகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். ‘நேரில் கேட்டதுபோல இல்லை’ என்ற வாதம் நேரில் கேட்டவருக்கு மட்டுமே உரியது.

சொல் தெளிவு பற்றிய குறை

மணி ஐயர் பதிவுகளைப் பற்றிப் பழைய குறை ஒன்று உண்டு. அவர் பாட்டில் சாகித்தியம் தெளிவாக விழுவதில்லை, சொற்களைக் கரைத்து விழுங்கிவிடுகிறார் என்பது அது. இசைத்தட்டுக் காலத்திலிருந்தே சொல் தெளிவை எதிர்பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தும்.

இந்த இரண்டு ஊர்களிலும் இந்தக் குறைக்குத் தனி எடை உண்டு. ராஜபாளையத்தில் ராஜு சமூகத்தவரின் வீட்டுமொழி தெலுங்கு. அந்தத் தெலுங்கு வேறு, தியாகராஜரின் தெலுங்கு வேறு என்றாலும், கீர்த்தனையின் சொல் அவர்களுக்கு வெறும் ஓசையாக நின்றுவிடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரோ ஆண்டாளின் ஊர். திருப்பாவையின் முப்பது பாட்டையும் சொல் பிசகாமல் சொல்லும் மரபு அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இசையமைத்த மெட்டுகளில் எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவைப் பதிவு மார்கழியில் தமிழகமெங்கும் ஒலிபெருக்கியில் வருவது. அது ஒலிப்பதிவுக்கூடத்தில் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பாடியது. அந்தப் பதிவால் பழகிய காதுக்கு மணி ஐயரின் ‘காணக் கண் கோடி வேண்டும்’ முதல் கேள்வியில் மூக்கடைத்த குரலாகவும் அரைகுறைச் சொல்லாகவும் படுவதில் வியப்பில்லை.

குறை உண்மைதான். அதை மறுத்துப் பேசும் ரசிகர்கள் அவருக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் நேரடிப் பதிவில் அதே குரல் அரைமணி நேரம் கழித்து என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். மணி ஐயரின் பலம் சர்வலகு ஸ்வரம். தாளத்தின் இயல்பான நடையிலேயே, கணக்கை முன்னே நிறுத்தாமல், ஸ்வரங்கள் அலையலையாக வந்து பல்லவியில் சேரும். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் அது அழகு. இருபதாவது ஆவர்த்தனத்தில்தான் அது போதை. மூன்று நிமிடத்துச் சொச்சம் ஓடும் 78 சுழற்சி இசைத்தட்டில் இருபதாவது ஆவர்த்தனம் வரவே வராது. அங்கே சொல்லின் குறை மட்டும் நிற்கும். அவரைப் பற்றி இசைத்தட்டு ரசிகரும் கச்சேரிப் பதிவு ரசிகரும் ஒத்துப்போகாததற்கு ரசனை வேறுபாட்டைவிடக் கால அளவே பெரிய காரணம் என்று கருத இடமிருக்கிறது.

வெட்டும் ஒட்டும்

வணிக வெளியீடுகள் மீது ரசிகர்களுக்கு உள்ள கோபம் இங்கிருந்துதான் வருகிறது. மூன்று நான்கு மணி நேரக் கச்சேரியை 60 நிமிடக் கேசட்டில் அடைக்க வேண்டியிருந்தது. 90 நிமிடக் கேசட்டும் போதாது. முதலில் போவது தனி ஆவர்த்தனம். பாலக்காடு மணி ஐயரோ வேலூர் ராமபத்திரனோ மிருதங்கத்தில் உட்கார்ந்த கச்சேரியிலிருந்து தனியை வெட்டி எடுப்பது, பந்தியில் சாம்பாரைக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் பரிமாறுவது போன்றது. அடுத்து வயலின் ஆலாபனை போகும். பிறகு கைதட்டல், சுருதி சேர்த்தல், இரண்டு பாட்டுக்கு நடுவிலான பேச்சு. மிஞ்சுவது ‘எப்போ வருவாரோ’, ‘கபாலி’, முத்தையா பாகவதர் இயற்றிய ‘இங்கிலீஷ் நோட்டு’ போன்று எல்லோரும் கேட்கும் உருப்படிகளின் தொகுப்பு.

இப்படித் தொகுத்ததால்தான் அவர் பெயர் புதிய தலைமுறைக்குப் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் ஊர்தோறும் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் சினிமாப் பாட்டோடு சேர்த்துப் பதிந்து வாங்கியவர்கள் முழுக் கச்சேரியைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் குறுந்தகடு வந்தபின், அதற்கும் பிறகு கால அளவே தடையில்லாத இணையம் வந்தபின், அதே வெட்டப்பட்ட வடிவத்தை மறுபடியும் வெளியிடுவதற்குச் சமாதானம் கிடையாது.

கைதட்டலை நீக்குவது பற்றி ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். இடைஞ்சல் என்பது ஒரு தரப்பு. மணி ஐயரைப் பொறுத்தவரை மற்றத் தரப்பே சரி என்று தோன்றுகிறது. மேடைக்குச் சீட்டு வரும், அவர் அந்தப் பாட்டைத் தொடங்குவார், முதல் சொல்லிலேயே கூட்டம் சலசலக்கும். அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. அவை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் அறிய அந்தச் சலசலப்பும் ஒரு வழி. பின்பாட்டில் உறவினரும் சீடருமான வேம்பு ஐயரின் குரல் தொடுத்துக்கொள்வதும் சில பதிவுகளில் தனியாகக் கேட்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் இவற்றையெல்லாம் அழுக்கென்று துடைக்கும்போது தம்பூராவும் சேர்ந்தே போய்விடுகிறது.

சுருதிச் சண்டை

சுருதி பற்றிய சண்டைதான் வெளியாருக்கு வேடிக்கையாகத் தெரிவது. ஸ்பூல் நாடா வினாடிக்கு 3¾ அங்குலம் அல்லது 7½ அங்குல வேகத்தில் ஓடும். பதிந்த இயந்திரமும் பிரதி எடுத்த இயந்திரமும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் சுருதி மாறும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் விரைந்துவிடும். ‘அவர் அன்று துரிதமாகப் பாடினார்’ என்று ஒருவர் எழுத, ‘உங்கள் பிரதி வேகமாக ஓடுகிறது’ என்று இன்னொருவர் திருத்துவார். இதைத் தீவிர ரசிகர்களின் பொடி விஷயம் என்று தள்ளிவிட முடியாது. காலப்பிரமாணத்தாலேயே பெயர்பெற்ற ஒருவரின் பதிவில் வேகம் பிசகியிருந்தால், மாணவர் கற்றுக்கொள்வது அந்த இயந்திரத்தின் கோளாறைத்தான்.

களைத்த குரலை வெளியிடலாமா

கடைசி ஆண்டுகளின் பதிவுகள் சிலவற்றில் குரல் களைத்திருக்கிறது. அவற்றை வெளியிட்டு அவர் பெயரைக் கெடுக்காதீர்கள் என்பவர்கள் உண்டு. இது எளிதில் தள்ளக்கூடிய கருத்தல்ல. இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை வெளியீடாக வரும் என்று நினைத்து அவர் பாடியவை அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை சேர்க்கப்பட்டதே 1994-ல்தான். அவர் வாழ்நாளில் பாடகருக்கு அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இருக்கவில்லை. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு 1984-ல் ரசிகர்கள் பதிவுசெய்யத் தனி இடமே ஒதுக்கியது. 1993 முதல் தம் கச்சேரிப் பதிவுகளைத் தாமே தொடராகவும் வெளியிட்டது. அங்கே கலைஞர்களின் சம்மதம் இருந்தது. மணி ஐயரிடம் அதைக் கேட்கும் காலம் கடந்துவிட்டது.

எனினும், நல்ல நாட்களை மட்டும் பொறுக்கி வெளியிடுவது அவருக்கு மரியாதை செய்வதாகாது. களைத்த குரலில் மேல்ஸ்தாயியைத் தவிர்த்து, மத்திமத்திலேயே நின்று ஸ்வரத்தை எப்படி வளர்க்கிறார் என்பது அந்தப் பதிவுகளில்தான் தெரிகிறது. குரல் தேய்ந்துவரும் எந்தப் பாடகருக்கும் அது பாடம். மருமகன் டி.வி. சங்கரநாராயணன் (1945–2022) அந்தப் பாணியை வேறொரு கம்பீரக் குரலில் கொண்டுசென்றதையும் இவற்றோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மதுரை சோமு

இதே வட்டாரம் உரிமை கொண்டாடும் மற்றொருவர் மதுரை சோமு (1919–1989). சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். கோயில் விழாக்களில் நள்ளிரவு தாண்டியும் பாடியவர். 1972-ல் ‘தெய்வம்’ படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடிய ‘மருதமலை மாமணியே’ அவரை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. அவருடைய கச்சேரிப் பதிவு வெளியானால் முதல் கேள்வி அந்தப் பாட்டு இருக்கிறதா என்பதாகவே இருக்கும். தோடிக்காக வருபவருக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் சோமுவே இந்த இரு கூட்டத்தையும் ஒரே பந்தலில் உட்காரவைத்துப் பாடியவர். இரண்டில் ஒன்றை வெட்டிய வெளியீட்டில் இருப்பது பாதி சோமுதான்.

வெளியீடுகளின் குறிப்புகள்

இத்தனை வாதங்களையும் பாதியாகக் குறைக்கக்கூடியது உறையில் அச்சிடும் நான்கு வரி. எந்த ஊர், எந்தத் தேதி, யார் பக்கவாத்தியம், எங்கெங்கே வெட்டப்பட்டது. பல வெளியீடுகளில் ‘நேரடிக் கச்சேரி’ என்ற சொல்லும் பாடகரின் படமும் மட்டுமே இருக்கின்றன. வயலின் லால்குடி ஜெயராமனா டி.என். கிருஷ்ணனா என்பதை வில்லின் நாதத்தை வைத்து ரசிகர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறார்கள். கடம் வாசித்தவர் யாரென்று ஊகிப்பார் இல்லை.