இனப் பன்மைக் குறியீடும் போடிமெட்டு ஜீப்பும்

வில்லியம் ஈஸ்டர்லி, ராஸ் லெவின் இருவரும் 1997-ல் எழுதிய "ஆப்பிரிக்காவின் வளர்ச்சிச் சோகம்" கட்டுரையைத் திரும்பவும் படித்தேன். பல இனங்கள் வாழும் நாடுகளில் பள்ளிப் படிப்பு, சாலை, மின்சாரம், வங்கி எல்லாம் பின்தங்குகின்றன, அதனால் வளர்ச்சியும் குறைகிறது என்பது அதன் வாதம். "பல இனம் இருந்தா நாடு உருப்படாது"ன்னு சொல்றவங்களுக்கு இது வசதியான ஆயுதம்.

கட்டுரையின் அஸ்திவாரம் ஒரே ஒரு எண். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தொட்டால், அவர்கள் வேறு வேறு குழுவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 40, 40, 20 சதவீதம் என மூன்று குழுக்கள் இருந்தால் விடை 0.64. தரவு, 1964-ல் சோவியத் யூனியனில் வெளியான அட்லஸ். அது பெரும்பாலும் மொழியை வைத்தே குழு பிரித்தது.

இதை நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் ஓட்டிப் பார்க்கலாம். வீட்டில் கன்னடம் பேசும் ஒக்கலிகர், தெலுங்கு பேசும் நாயக்கர் எல்லாம் தனித்தனிக் குழுவாக விழுவார்கள். ஆனால் 1989 போடி கலவரத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பும் தமிழ் பேசும் சாதிகள். குறியீட்டுக்கு இரண்டும் ஒரே இனம். ஊரையே கிழித்த கோடு எண்ணில் வரவே இல்லை.

இரண்டாவது சிக்கல், காலம். தேனி மாவட்டத் தொழிலாளர்கள் தினமும் விடிகாலையில் ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தோட்டக்காரர் பெரும்பாலும் மலையாளி. காய் ஏலத்துக்கு வருவது போடிக்கும் புத்தடிக்கும். அங்கே உரிமம் உள்ள வியாபாரி மாதிரியைக் கையில் வைத்து, பருமனும் நிறமும் பார்த்து விலை கேட்கிறார். விற்பவர் தாய்மொழியை யாரும் கேட்பதில்லை. பன்மை இங்கே பிழைப்பு.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தது. குமுளிப் பாதை அடைபட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மலை இறங்கினார்கள். அவர்களுக்குக் கூலி போச்சு, தோட்டத்துக்கு ஆள் போச்சு. குறியீடு 2010-ல் எவ்வளவோ 2011-லும் அவ்வளவேதான். மாறாத ஒன்று மாறிய ஒன்றுக்கு எப்படிக் காரணமாகும்? அந்தப் பக்கம் அணை உடையுமோ என்ற பயம், இந்தப் பக்கம் தண்ணீர் போயிடுமோ என்ற பயம், நடுவில் வருடக்கணக்கில் இழுத்த வழக்கு. 142 அடி தேக்கலாம் என்பதை உறுதிசெய்த தீர்ப்பு 2014 மே மாதம்தான் வந்தது.

ஒரு பள்ளத்தாக்கை வைத்து நாடுகளின் சராசரியைத் தள்ளிவிட முடியாது, சரி. ஆனால் காரணம் என்று சொல்வதைக் கேள்வி கேட்கலாம். டேனியல் போஸ்னர் 2004-ல் காட்டிய உதாரணம் இதற்குப் பொருத்தம்: செவா, தும்புகா மக்கள் சாம்பியாவில் கூட்டாளிகள், எல்லை தாண்டி மலாவியில் எதிரிகள். மக்கள் அதே மக்கள்தான். ஒவ்வொரு நாட்டு அரசியலிலும் அவர்களின் எண்ணிக்கைக்கு இருந்த எடை வேறு. நல்ல நிறுவனங்கள் இருந்தால் பன்மையின் கெடுதல் குறைகிறது என்று ஈஸ்டர்லியே 2001-ல் தனியாக எழுதினார். 1997 கட்டுரையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதைப் படிப்பதில்லை.

பன்மைதான் காரணம் என்று நம்பிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. யாரை எங்கே அனுப்புவது? வழக்கு இழுத்ததுதான் காரணம் என்றால் செய்ய வேலை இருக்கிறது. நாளைக் காலை ஜீப் ஏறப் போகிறவருக்கு இரண்டாவது பதில்தான் உதவும்.