முதல் 60 அடியில் முடிவாகும் ஓட்டம்

அமெரிக்க டிராக் பந்தயத் தடத்தின் மரபான நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. அதை 13 விநாடியில் ஓடி முடிக்கும் கார், முதல் 60 அடிக்கே ஏறத்தாழ 2 விநாடி எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் இருபத்திரண்டில் ஒரு பங்குக்கு நேரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்த 60 அடியில் 0.1 விநாடி மிச்சம் பிடித்தால், கடைக்கோட்டில் 0.15 விநாடியோ அதற்குச் சற்று மேலோ குறையும் என்பது ஓட்டுநர்கள் நெடுங்காலமாக நம்பும் கணக்கு. நன்றாகக் கிளம்பிய கார் முன்கூட்டி வருவதோடு கூடுதல் வேகத்துடனும் வருகிறது. அந்த வேகம் மீதித் தூரம் முழுதும் உடன் ஓடுகிறது.

கிளம்பும் இடத்தில் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்ட நேரம் தொடங்குவதில்லை. முன் டயர், தடத்தின் குறுக்கே பாயும் ஒளிக்கதிரை விட்டு விலகிய பிறகே தொடங்குகிறது. பச்சை எரிந்ததிலிருந்து டயர் கதிரை விட்டு விலகும்வரை ஆகும் நேரம் எதிர்வினை நேரம் என்று தனியாகப் பதிவாகும். டயர் கதிருக்குள் மெல்ல நுழைந்து, கார் கோட்டுக்கு வந்துவிட்டதைக் காட்டும் ஸ்டேஜ் விளக்கு எரிந்தவுடனேயே நின்றால், கதிரை விட்டு வெளியேறுவதற்குள் கார் ஏறக்குறைய ஓரடி நகர்ந்திருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் 70 விழுக்காடு முடுக்கத்துடன் கிளம்பும் காருக்கு அந்த ஓரடியைக் கடக்க கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அது ஓட்ட நேரக் கணக்கில் வராது. கதிருக்குள் மேலும் முன்னேறி நின்றால் எதிர்வினை நேரம் குறையும், ஓட்ட நேரம் கூடும். எதிராளியை வெல்ல இரண்டின் கூட்டுத்தொகை முக்கியம். தன் காரின் நேரத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால் விளிம்பில் நிற்பதே நல்லது. பச்சைக்காகப் பதற்றப்பட வேண்டியதும் இல்லை.

அடுத்தது பிடிமானம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் காருக்குக் கிளம்பும்போது குறையாக இருப்பது பெரும்பாலும் குதிரைத்திறன் அல்ல, டயரின் பிடிதான். 2015-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 5 லிட்டர் வி8 எஞ்சின், 435 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். எடை சுமார் 1,680 கிலோ. சக்கர இடைவெளி 2.72 மீட்டர். எடை மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதே 70 விழுக்காட்டு முடுக்கத்தில் முன்பக்கத்திலிருந்து 200 கிலோவுக்கு மேல் பின்சக்கரங்கள் மீது சாய்கிறது. பின்டயர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அது நொடிப்பொழுதில் வந்து சேர்வதில்லை: ஸ்பிரிங்குகள் அமுங்க வேண்டும், கார் பின்னால் சாய வேண்டும். அதற்குள் ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் டயர் சுழன்று புகைதான் வரும். பின்சக்கரங்கள் துள்ளத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். அச்சுத் தண்டு முறியும் ஆபத்தும் உண்டு. முன்சக்கர இயக்கக் காரில் எல்லாம் தலைகீழ். வேகமெடுக்கும்தோறும் இழுக்கும் சக்கரங்களின் மீதிருந்த எடை குறைந்துகொண்டே போகும். மிதியில் அங்கே இன்னும் கூடுதல் நிதானம் தேவை.

டயர் முற்றிலும் சுழலாமல் இருப்பதும் நல்லதன்று. கார் நகரும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுழலும்போதுதான் ரப்பர் மிக நன்றாகப் பிடிக்கும். இயக்கும் சக்கரங்களில் காற்றழுத்தத்தைச் சில பிஎஸ்ஐ குறைத்தால் தரையில் படியும் பரப்பு கூடும்; அளவுக்கு மீறிக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் தளர்ந்து கார் அலையும். டயர் சூடேற்ற வைத்திருக்கும் தண்ணீர்ப் பகுதியைச் சாலை டயர் போட்ட கார் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டயரின் பள்ளங்களில் தேங்கும் தண்ணீர் கோடுவரை கூடவே வந்து பிடியைக் கெடுக்கும். தூசியை உதற ஒரு சிறு சுழற்று போதும். நீண்ட புகைச்சல் பந்தய ரப்பருக்கு உரியது.

மேனுவல் கியர் காரில் வேலை கிளட்சின் கையில் இருக்கிறது. எஞ்சினை 2,500 அல்லது 3,000 ஆர்.பி.எம்.மில் நிறுத்தி, கிளட்சைச் சட்டென்று விடாமல் வழுக்கி விட்டு, அது முழுதாகப் பிடித்த பிறகே மிதியை அடிவரை கொண்டுபோக வேண்டும். டயர் சுழன்றால் அடுத்த ஓட்டத்தில் 300 ஆர்.பி.எம். குறைக்கலாம், எஞ்சின் திணறினால் அதே அளவு கூட்டலாம். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடியே சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து டார்க் கன்வெர்டரை இறுக்கி வைத்துக்கொண்டு, பிரேக்கை விட வேண்டும். டர்போ கார்களுக்கு இந்த வழியில் காற்றழுத்தமும் முன்கூட்டியே ஏறிவிடும்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு தரப்படும் நேரச் சீட்டில் 60, 330, 660, 1,000 அடிகளின் நேரம் தனித்தனியே இருக்கும். கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. 60 அடி நேரம் மாறாமல் மொத்த நேரம் கூடியிருந்தால் குறை கியர் மாற்றத்திலோ எஞ்சின் சூட்டிலோ இருக்கிறது. கிளம்பும் முறையை மாற்றினால் வீண். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். டயர் காற்றழுத்தத்தையும் ஆர்.பி.எம்.மையும் சேர்த்து மாற்றியவருக்கு எது பலித்தது என்று தெரியாது.

கால் மைலை 13.99 விநாடியிலோ அதற்கும் விரைவாகவோ ஓடும் காரில் ஹெல்மெட் கட்டாயம் என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி. சாலை டயரில் 2 விநாடியை ஒட்டி வந்துவிட்ட பின்சக்கர இயக்கக் காருக்கு, அதற்கு மேல் நேரம் குறைய டிராக் ரேடியல் டயர்தான் வழி. 60 அடி நேரம் 1.8-க்கும் கீழே இறங்கலாம். அதுவரை டயர் சுழன்று தணித்த அதிர்ச்சி முழுவதையும் அப்போது கிளட்சும் அச்சுத் தண்டுகளும் ஏற்க வேண்டியிருக்கும்.