பஞ்சத்திலிருந்து விழுக்காட்டுக்கு

2016 ஜனவரியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் அறிக்கைகளில் புழங்கிவந்த சில ஆங்கிலச் சொற்களை மாற்றியது. ஓர் இடத்துக்குரிய இயல்பான மழையில் 60 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால், அதுவரை 'ஸ்கேன்ட்டி' என்று குறித்துவந்தார்கள். அருகிப்போன மழை என்பது அதன் பொருள். அந்த இடத்தில் 'லார்ஜ் டெஃபிஷியன்ட்', அதாவது பெரும் பற்றாக்குறை, வந்து உட்கார்ந்தது. நாடு முழுமைக்கும் 'வறட்சி ஆண்டு' என்று முத்திரை குத்தும் வழக்கமும் போய், 'பற்றாக்குறை ஆண்டு' வந்தது. அதற்கு முந்தைய தென்மேற்குப் பருவமழைகள் இரண்டுமே பொய்த்திருந்தன. 2014இல் 12 விழுக்காடும் 2015இல் 14 விழுக்காடும் குறைவு.

இது கலைச்சொல் சீரமைப்பு மட்டும்தான் என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. இல்லாமையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரும் ஓர் அளவும் வைப்பது நம் அரசாங்கங்களின் பழைய பழக்கம். அதில் உயிர் காத்த நன்மையும் இருக்கிறது, உயிர் குடித்த குறையும் இருக்கிறது.

நன்மையை முதலில் பேச வேண்டுமானால் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் செத்து விழுந்துகொண்டிருந்தபோது, யாருக்கு எப்போது எவ்வளவு உதவி என்பது பெரும்பாலும் அதிகாரிகளின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று இறக்கினார். கடும் உழைப்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் போராட வேண்டியிருந்தது. பேரழிவுக்குப் பிறகு அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை கொடுத்தது. 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகள் வரத் தொடங்கின. பற்றாக்குறையை நெருங்கும் நிலை, பற்றாக்குறை, பஞ்சம் என்று படிகள் வகுக்கப்பட்டன. தானிய விலை எப்படி ஏறுகிறது, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்றெல்லாம் கவனித்து, இன்ன படிக்கு இன்ன நடவடிக்கை என்று எழுதி வைத்தார்கள். அந்த விதிகள் கஞ்சத்தனமானவைதான். ஆனாலும் பசித்தவனுக்கு வேலையும் கூலியும் தருவது ஓர் அதிகாரியின் இரக்கத்தைச் சார்ந்ததல்ல, நிர்வாகத்தின் கடமை என்பது முதல்முறையாக எழுத்தில் ஏறியது. படிநிலைச் சொற்களின் மிகப் பெரிய வலிமை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வலிமைக்குள்ளேயே ஓட்டையும் இருந்தது. பெயரைச் சொன்னால் கடமை வந்துவிடும் என்றால், கடமை வேண்டாதவர்கள் பெயரைச் சொல்லாமலே இருந்துவிடலாம். 1943இல் வங்காளத்தில் அதுதான் நடந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும், விதித்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்தால் அது கேட்கும் அளவுக்கு உணவு கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தானியம் இல்லை என்பது அரசின் கணக்கு. கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன, கோப்பில் பஞ்சம் இல்லை.

விடுதலைக்குப் பின் இந்தக் கதை இன்னும் சிக்கலாகிறது. 1963இல் மகாராஷ்டிரம் தன் சட்டங்களிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லை நீக்கவே தனிச் சட்டம் இயற்றியது. பற்றாக்குறை தலைகாட்டியதுமே அரசு நிவாரணத்தில் இறங்கிவிடுவதால், பஞ்சத்துக்கு இனி இடமில்லை என்பது காரணம். இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 1970 முதல் 1973 வரை அதே மாநிலத்தைக் கொடிய வறட்சி வாட்டியபோது, நிவாரணப் பணிகளில் உச்சத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அங்கிருந்துதான் அம்மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம் வளர்ந்தது. பின்னாளில் நாடு முழுமைக்கும் வந்த நூறுநாள் வேலைக்கு அது முன்னோடி. ஆகவே சொல்லை நீக்கியதால் மகாராஷ்டிரத்தில் மக்கள் கைவிடப்பட்டார்கள் என்று எழுதினால் அது நேர்மையாகாது. 'பற்றாக்குறை' என்ற இளகிய சொல்லின் கீழேயே பெரிய வேலை நடந்தது. நடக்க வைத்தவை, ஏற்கெனவே தயாராக இருந்த நிவாரணப் பணிமுறையும் தெருவில் இறங்கிய மக்களின் அழுத்தமும். பீகாரிலோ 1967 ஏப்ரலில் சில பகுதிகளில் பஞ்சம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அதனால் அரசுக்கு மானம் ஒன்றும் போய்விடவில்லை, உதவிதான் பெருகியது.

இந்தப் பின்னணியோடு மழை விழுக்காட்டுக்கு வருகிறேன். ஓர் இடத்தின் மழைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு'. 20 முதல் 59 வரை குறைந்தால் 'பற்றாக்குறை'. 60 முதல் 99 வரை 'பெரும் பற்றாக்குறை'. இதில் ஓர் அழகான நியாயம் உண்டு. ஆண்டுக்கு 200 மி.மீ. மழைகூட எட்டாத ஜெய்சால்மரையும் 11,000 மி.மீ. பெய்யும் சிரபுஞ்சியையும் மில்லிமீட்டரால் ஒப்பிட முடியாது. அந்தந்த ஊர் எதற்குப் பழகியிருக்கிறதோ அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பதே சரி. 'ஸ்கேன்ட்டி' போனதிலும் எனக்கு வருத்தமில்லை. புதிய பெயர்கள் ஒரே ஏணியின் படிகளாக அமைந்திருக்கின்றன. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. அதைப் பெரும் பற்றாக்குறை என்றால் யாருக்கும் புரியும்.

சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. இயல்பு 400 மி.மீ. என்றால், 324 மி.மீ. பெய்தால் 'இயல்பு', 320 பெய்தால் 'பற்றாக்குறை'. இடையில் இருப்பது 4 மி.மீ., ஒரு சிறு தூறல். எல்லா அளவுகோலுக்கும் இந்தக் குறை உண்டு என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறு: இந்த விழுக்காடு பருவத்தின் மொத்தக் கணக்கு. பயிர் மொத்தத்தில் வாழ்வதில்லை. ராமநாதபுரத்தில் மானாவாரியாக நேரடி விதைப்பு செய்தவருக்கு அக்டோபரில் நல்ல மழை கிடைத்து நெல் முளைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு நான்கு வாரம் வானம் வெளுத்துப்போய், டிசம்பரில் ஒரு புயல் இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கிறது. கணக்கு 'இயல்பு' என்று முடியும், வயலில் சருகு நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு நாள் குறுக்கே வந்துவிட்டால், அந்தப் பருவத்து மாவட்டச் சராசரி விவசாயிக்கு எதைச் சொல்லும்?

நாட்டின் சராசரி இன்னும் மோசமாக மறைக்கும். 2018 தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 91 விழுக்காடு. பற்றாக்குறை ஆண்டு என்ற பெயருக்குக்கூட அது எட்டவில்லை. ஆனால் அந்த அக்டோபரில் மகாராஷ்டிரம் 151 தாலுகாக்களில் வறட்சி அறிவித்தது.

வானிலைத் துறை தன் தரப்பைச் சொல்லக் கேட்டால், பாதி ஒப்புக்கொள்வேன். மழையை அளப்பது எங்கள் வேலை; மண், கண்மாய், பயிர் எல்லாம் சேர்ந்தது வறட்சி; அதை அறிவிப்பது மாநில அரசு என்பார்கள். உண்மைதான். ஆனால் மாநில அரசுகள் அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றின என்பதற்கு பெயர்கள் மாறிய அதே 2016இன் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே சாட்சி. வறட்சியை ஒப்புக்கொள்ளத் தயங்கிய பீகார், குஜராத், ஹரியானா அரசுகள் தீக்கோழிபோல் நடந்துகொள்வதாக நீதிபதிகள் கண்டித்தார்கள். அதன்பின் வந்த வறட்சிக் கையேடு மழைவிழுக்காட்டோடு மழையில்லா வாரங்கள், விதைப்புப் பரப்பு, மண்ணின் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை ஆகியவற்றையும் சேர்த்தது. அறிவியல்படி அது முன்னேற்றம். நிர்வாகத்தில் அது இன்னொரு வடிகட்டியும் ஆயிற்று. 'கடுமையான' வறட்சி என்ற படியை எட்டினால்தான் மத்திய நிதி. 'மிதமான' என்று முடிந்தால் மாநிலம் தன் கையிருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023இல் கர்நாடகம் 236 தாலுகாக்களில் 223ஐ வறட்சிப் பகுதியாக அறிவித்தும், மத்திய நிதி கேட்டு மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கே போக நேர்ந்தது.

இந்த அளவுகோல்கள் எல்லாமே மழையையும் நிலத்தையும் அளக்கின்றன, அங்கே உழைப்பவரை அளப்பதில்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்றது. 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் போனவருக்கு அந்தத் தொகை. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் இல்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர் அதை வாங்கப் பட்ட பாட்டைக் காவிரிப் படுகையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்ணுக்குப் பயிரிழப்பு என்று ஒன்றே கிடையாது. அவள் இழந்தது கூலிநாள். அவளுக்கென்று விதியில் இருந்தது, வறட்சி அறிவித்த பகுதிகளில் நூறுநாள் வேலையோடு கூடுதலாக ஐம்பது நாள். அதற்கும் அறிவிப்பு முதலில் வர வேண்டியிருந்தது.

மழையில்லா நாட்களின் எண்ணிக்கையை விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, குறுவட்ட அளவில், வாரந்தோறும் வெளியிடுவது இன்று கடினமான காரியம் இல்லை. கூலிவேலை குறைந்த நாட்களையும் ஒரு குறியீடாகச் சேர்த்து, பருவம் முடியக் காத்திராமல் இடையிலேயே அப்படிப்பட்ட கூடுதல் வேலைநாட்களைத் திறந்துவிட வேண்டும். கள ஆய்வு முடிந்து, அறிக்கை போய், அரசாணை வருவதற்குள் மார்ச் பிறந்துவிடுகிறது. கூலிக்காரக் குடும்பம் பொங்கல் முடிந்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறியிருக்கும்.