பல்சக்கரத்தில் மூன்று நாரை

வெள்ளாற்றங்கரையில் ஒரு மாட்டுக் கொட்டகை. வைக்கோல் போருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி அந்த சைக்கிள் நின்றது. சீட்டின் மேல் கோழி அடைந்த தடம். டயர் இரண்டும் வெடித்து ரிம்மை விட்டுப் பிரிந்து கிடந்தன. செயின் கவர் எப்போதோ கழன்று போயிருந்தது. அது கழன்றதால்தான் பல்சக்கரம் என் கண்ணில் பட்டது. ஒட்டியிருந்த தூசியையும் துரும்பையும் விரலால் வழித்தேன். இரும்பில் வெட்டிய மூன்று நாரைத் தலைகள் நீண்ட அலகோடு தெரிந்தன. ராலே!

நாரை, ராலே நிறுவனத்தை வளர்த்த ஃபிராங்க் பௌடன் குடும்பத்தின் இலச்சினை. 1880களின் இறுதியில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில், ராலே தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையை அவர் கைக்கொண்டார். தெருவின் பெயரே சைக்கிளுக்கும் பெயரானது. வெள்ளாற்று மணலில் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் சாம்பல் நாரை ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் தாண்டி வந்த இரும்பில் அதே பறவையின் தலையைப் பார்த்தபோது, தெரிந்த முகம் ஒன்றை வெளியூரில் கண்டதுபோல இருந்தது.

வீட்டு ஆயாவிடம் கேட்டேன். "கரும்பு வித்த காசுல அவரு வாங்குனது. அவரு போன பொறவு யாரும் தொடல. எடுத்துக்க தம்பி. ஆனா பழைய இரும்புக்காரங்கிட்ட மட்டும் போட்றாத" என்றார். 4,000 ரூபாய் கொடுத்தேன். எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துத்தான் முதலில் பயப்படுகிறார்கள். மேல்துரு சுரண்டினால் போய்விடும். பார்க்கவேண்டிய இடம் வேறு. ஹேண்டில்பார் இறங்கும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்நோக்கிச் சாயும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். அங்கே புடைப்போ, பெயின்ட்டில் மயிரிழை வெடிப்போ இருந்தால், அந்த வண்டி எப்போதோ எதன்மீதோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். பிறகு பக்கவாட்டில் நின்று, போர்க்கின் வளைவு சீராக முன்னோக்கிப் போகிறதா, இடையில் மடிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். கொட்டகையில் நின்ற ராலேயின் எலும்பு நேராக இருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் நூறடி தூரத்திலேயே சைக்கிளின் குலத்தைச் சொல்லிவிடுவார்கள். போர்க்கின் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இறங்கினால் ஹம்பர். பல்சக்கரத்தின் நடுவில் விரித்த கை இருந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த முத்திரை இருந்தால் பி.எஸ்.ஏ.; அதைச் செய்தது பர்மிங்ஹாமில் ஆயுதம் செய்துகொண்டிருந்த கம்பெனி. இவற்றுள் ஹம்பர் 1932லும், ரட்ஜ் 1943லும், பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957லும் ராலேயிடம் வந்து சேர்ந்தன. 1960ல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்துக்குள் போனது. அந்தக் குழுமத்தோடு கைகோத்து முருகப்பா குடும்பத்தினர் 1949ல் தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ் நம் ஊர்ப் பெயர்போல ஆனது அங்கிருந்துதான். வங்காளத்தில் அசன்சாலில் சென்-ராலே தொழிற்சாலை எழுந்தது. ஆக, நம் தெருக்களில் ஓடிய கறுப்பு சைக்கிள்கள் பலவும் பங்காளிகள்.

திட்டக்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாடகை சைக்கிள் காலத்தில் தொழில் பழகியவர். கீற்றுக் கொட்டகை, ஒரு மரப்பெட்டி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஒரு கல் — இவ்வளவுதான் அவர் பட்டறை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை ஒருமுறை சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். "பால்ரஸ் உருளல தம்பி, அரைக்குது. ஆனா கப்பு நல்லா இருக்கு. ஓவராயில் பண்ணிடலாம். அவசரப்படாத" என்றார். பதினோரு நாள் எடுத்தது. பதினோரு நாளும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாடம் காட்டர் பின்னில் கிடைத்தது. கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது இந்தச் சின்ன இரும்பு ஆப்பு. பல வருடத் துருவில் அது கிராங்கோடு ஒன்றாகிவிடும். அடித்துக் கழற்றலாம் என்று சுத்தியலைத் தூக்கினால், அடியின் வேகம் முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் மீது இறங்கிக் கப்பில் குழி விழும். அவர் மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை நேராக முட்டுக்கொடுத்து, நட்டைப் பின்னின் நுனிவரை திருகிவைத்து, மரை நசுங்காமல் ஒரே அடி. பின் விழுந்தது. புதுப் பின் போடும்போது அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவினார். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இறங்கவேண்டும். ராவிய அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்போதுதான் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஒரு நூல் தவறினாலும் மிதிக்கிற கால் ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அச்சு இருக்கும் கூட்டைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது ராலே மரை" என்றார். மற்ற சைக்கிள்களில் இந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தனக்கென்று 26 வைத்துக்கொண்டது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கப்பைப் பலவந்தமாகத் திருகினால் கூட்டின் மரையே போய்விடும். பிறகு பிரேமே வீண். இந்த இரண்டு மரை வித்தியாசத்தை அவர் அளவுகோல் இல்லாமல், கப்பை அரைச் சுற்றுத் திருகும்போதே விரலில் அறிந்தார். வலப்பக்கக் கப்புக்கு இடமரை. இடது பெடலுக்கும் இடமரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. பழைய கப்புகளையே மண்ணெண்ணெயில் கழுவி, பக்கத்துக்குப் பதினொன்றாக, கால் அங்குலப் பால்ரஸ் 22ஐயும் புதிதாக கிரீஸில் பதித்தார். வட்டத்தை நெருக்கி அடைக்காமல் ஒரு குண்டுக்கு இடம் விடுவது வழக்கம். அந்த இடம் இருந்தால்தான் மற்றவை ஒன்றோடொன்று உரசாமல் உருளும்.

குழாய்கள் கூடும் மூட்டுகளை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டிலும் எஃகுத் தகட்டு உறை ஒன்று குழாயைச் சூழ்ந்திருக்கிறது. உறைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தில் உருகிய பித்தளை ஓடி நிறைந்திருக்கிறது. பித்தளை 900 பாகையை ஒட்டி உருகும். எஃகு உருக 1,400 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே குழாயின் உயிரைக் கெடுக்காமலே மூட்டு சேர்ந்துவிடுகிறது. குழாய் வளைந்தால் அந்தப் பித்தளையை மறுபடி உருக்கி, அந்தக் குழாயை மட்டும் மாற்றலாம். பந்தய சைக்கிள்களுக்குப் பெயர்போன ரெனால்ட்ஸ் 531 என்ற குழாய் 1935ல் வந்தது. அதிலும் மூட்டுக்கு இதே பித்தளைப் பற்றுதான். பாரம் தாங்கும் கறுப்பு சைக்கிளுக்கும், ஆல்ப்ஸ் மலை ஏறிய பந்தய வண்டிக்கும் ஒரே வித்தை. நம் பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தபோது, வண்டி ஒருபக்கமும் உடம்பு மறுபக்கமுமாகச் சாய்ந்த பாரத்தையெல்லாம் தாங்கியது இந்தப் பித்தளைதான்.

அடுத்து சக்கரம். முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி. பின்சக்கரம்தான் அதிகப் பாரம் சுமக்கிறது. ஆகவே அதற்கு எட்டுக் கம்பி கூடுதல். பெரியவர் சாக்பீஸைப் போர்க்கில் ஊன்றி, ரிம்மைத் தொட்டும் தொடாமலும் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். கோடு விழுந்த இடத்தில் ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்க்கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். கோட்டம் எடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வயர் பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும். அதனால் இட-வல ஆட்டம் போகவேண்டும். இதில் பிரேக் இரும்புக் கம்பிகளால் ஆனது. கட்டை ரிம்மின் உள்வட்டத்தை அழுத்தும். ஆகவே சக்கரத்தின் மேடு பள்ளம்தான் முதலில் போகவேண்டும். மேடு இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி விக்கும். கடைசியில் அவர் கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்டார். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் பேசியபோதுதான் டயரை எடுத்தார்.

பெயின்ட் அடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அடிக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். புதுப் பெயின்ட் கனமாக ஏறும். மூட்டு உறைகளின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும். மட்கார்டின் ஓரத்தில் தூரிகையால் இழுத்த தங்கக் கோடு இன்னும் பாதி இருக்கிறது. ஓரிடத்தில் கோடு சற்று அகலமாகத் தொடங்கி மெலிந்து போகிறது; இழுத்தவரின் கை தூரிகையை வைத்த இடம் அது. அதன்மீது அடித்தால் அந்தக் கை போய்விடும். ஆகவே துருவை மட்டும் எடுத்தோம். சின்ன நட்டு போல்ட்டுகளை ஓர் இரவு புளிக்கரைசலில் போட்டுவைத்தேன். பித்தளைக் குத்துவிளக்கை விளக்கும் அதே புளி துருவையும் கரைத்தது. ஹேண்டில்பாரின் குரோமை, அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட மெத்து. துரு போகும், கீறல் விழாது. பிறகு கறுப்புப் பகுதி முழுவதும் மெழுகு.

சீட்டு புரூக்ஸ். 1866ல் பர்மிங்ஹாமில் தோல் வேலை தொடங்கிய நிறுவனம். அதன் மேல்தோல் காய்ந்து, ஓட்டியவரின் இரண்டு இடுப்பெலும்புப் பள்ளங்களோடு சட்டம்போல் இறுகிக் கிடந்தது. தோல் சீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவது பலரும் செய்யும் பிழை. எண்ணெய் குடித்த தோல் தொங்கிவிடும். கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சை மெல்லியதாக, நாளுக்கு ஒருமுறை தேய்த்தேன். ஒரு வாரத்தில் அதன் நிறம் கருகிய வெல்லத்துக்கு வந்தது. முன்னால் உள்ள திருகை ஒரு சுற்று இறுக்கியதும் தோல் விறைப்பாக நின்றது.

போர்க்கைத் துடைக்கும்போது ஒரு தகர வில்லை கிடைத்தது. சைக்கிளுக்கு வரி கட்டி வருடந்தோறும் வாங்கிய வில்லை. எழுத்து தேய்ந்திருந்தது. அதை அது இருந்த இடத்திலேயே விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில், வெலிங்டன் ஏரிக்குப் போகலாம் என்று கீழச்செருவாய்ப் பக்கம் திருப்பினேன். பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 18. ஒரு முழு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழல்கிறது, ஏறக்குறைய 5.7 மீட்டர். விரைவான கணக்கு அல்ல அது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவரின் கணக்கு. பந்தய சைக்கிளின் தலைக்குழாய் 73 பாகை அளவில் நிமிர்ந்திருக்கும். இதனுடையது அதைவிட நன்றாகச் சாய்ந்தது. போர்க்கும் நீண்டு வளைந்தது. கரும்பு டிராக்டர்கள் உழுத சாலையில் குழி வரும்போது, போர்க் முதலில் வாங்கி, பிறகு சீட்டின் ஸ்பிரிங் வாங்கி, எனக்கு வந்து சேர்வது ஒரு மெல்லிய அசைவு மட்டும். மிதிப்பதை நிறுத்தினால் பிரீவீலின் டிக்டிக். மீண்டும் மிதித்தால் அமைதி. அந்த அமைதிக்குள் 22 குண்டுகளும் உருண்டுகொண்டிருக்கின்றன என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து ஓட்டுவது வேறு ஓட்டம்.

ஏரிக்கரையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு சாம்பல் நாரை, கழுத்தை மடித்து அசையாமல் நின்றது. பல்சக்கரத்தின் மூன்று தலைகள் என் முழங்கால் உயரத்தில், வெயிலில் கறுத்து மினுங்கின. அவற்றை வெட்டியவர்கள் இந்த ஏரியைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் ஸ்பானரோடு வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நட்டுக்கு நட்டு, மரைக்கு மரை, எல்லாவற்றையும் அவருக்காகக் கழற்றக்கூடியதாக விட்டிருக்கிறார்கள். பழைய எஃகு சைக்கிளில் நான் ரசிக்கிற அழகு அந்த நம்பிக்கைதான்.

புறப்படும் முன் மெக்கானிக் பெரியவர் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருந்தார். கிரீஸ் தடவிய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு காட்டர் பின்கள். இந்தக் கிராங்குக்கென்றே முகம் ராவி அளவு பார்த்தவை. "உனக்கு வேலை இருக்காது. அடுத்து பிரிக்கிறவனுக்கு" என்றார். சீட்டுக்குக் கீழே தொங்கும் தோல் பையில், ஸ்பானருக்கும் வால்டியூப் துண்டுக்கும் பக்கத்தில், அந்தப் பொட்டலம் இருக்கிறது.