ரங்கோனுக்குப் போன பணமும் களத்து மரக்காலும்

கானாடுகாத்தானில் ஏதாவது ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று தூணைத் தடவிப் பாருங்கள். பர்மாத் தேக்கு, இன்னும் வழவழவென்றிருக்கும். அதை வாங்கிய காசு நெல்லில் வந்த காசுதான். ஆனால் காவிரி நெல்லில் அல்ல, ஐராவதி நெல்லில். சீனாவில் ஆலை போட்ட அமெரிக்க முதலாளியால் அமெரிக்கத் தொழிலாளிக்கு என்ன லாபம் என்று இன்று கேட்கிறார்கள். முதலாளியின் முதல் கடல் தாண்டினால் ஊரில் இருக்கும் கூலியாளுக்கு என்ன ஆகும் என்பதை நாம் முன்பே பார்த்துவிட்டோம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் காடுகள் வயலாயின. வெள்ளைக்கார வங்கிகள் பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்கவில்லை. ரங்கோன் மொகல் தெருவில் பெட்டி போட்டு உட்கார்ந்த செட்டிநாட்டு நகரத்தார் கொடுத்தார்கள். 1930 வாக்கில் அங்கே அவர்கள் கடனாக விட்டிருந்தது சுமார் 75 கோடி ரூபாய் என்று பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தக் கடன் இல்லாமல் ஐராவதிக் கழிமுகம் அவ்வளவு வேகமாக நெற்களஞ்சியம் ஆகியிருக்காது. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. அந்த லாபத்தில் ஊரில் கோயில் திருப்பணி நடந்தது, 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தது. வேலையும் கிடைத்தது, ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே.

விளைந்த அரிசி கப்பலேறி வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு அரிசி அனுப்பிவந்த தஞ்சாவூரின் சந்தையை ரங்கோன் அரிசி பிடித்துக்கொண்டது. பிறகு உள்ளூர்ச் சந்தைக்கே வந்துவிட்டது. 1930-களின் மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கியபோது மிராசுதார்கள் சுங்கம் கேட்டுக் கூக்குரலிட்டார்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். சொந்த நாட்டு அரிசிக்கு எங்கே வரி போடுவது? 1935-இல் போட்ட வரி வெளிநாட்டு நொய்யரிசியின் மேல்தான்.

அரிசி மலிந்தால் ஏழைக்கு நல்லதுதானே? சென்னை மில் தொழிலாளிக்கு நல்லதுதான். சம்பளத்தைக் காசாக வாங்கி அரிசியைக் காசு கொடுத்து வாங்குகிறவர் அவர். தஞ்சைப் பண்ணையாள் கதை வேறு. களத்து மேட்டில் போரடித்துத் தூற்றி முடிந்ததும் மிராசுதாரின் காரியக்காரர் மரக்காலை எடுப்பார். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதிலேயே ஒரு கைப்பிடி நெல் போய்விடும். முந்தானை விரித்து நிற்கும் பெண்ணின் கண், நெல்லைவிட அந்தக் கையின் மேல்தான் இருக்கும். கூலி நெல்லாகவே வந்ததால் மலிவு அரிசியால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பயனும் இல்லை. அதே நெல்லைக் கொண்டுபோய் கடையில் கொட்டினால் கிடைத்த உப்பும் மண்ணெண்ணெயும் துணியும்தான் குறைந்தன.

இந்த இடத்தில் அமெரிக்கக் கதை கொஞ்சம் மாறுகிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் சீன இறக்குமதியால் அமெரிக்காவில் போன வேலைகள் 20 லட்சத்துக்குக் குறையாது என்று பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள் காலியாயின. ஆனாலும் வேலை தப்பிய தொழிலாளி டாலரில் கூலி வாங்கியவர். வால்மார்ட்டில் மலிவை அனுபவிக்க அவரால் முடிந்தது. நம் பண்ணையாளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவர் தேடிய வழி நாகப்பட்டினம் துறைமுகம்: ஆள்சேர்க்கும் கங்காணி பின்னால் மலாயாக் கப்பல். பணம் ஏஜெண்டோடு போனது, கூலியாள் கங்காணியோடு போனார். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது.

இதற்கிடையே பர்மாவில் கடன் திரும்பாமல் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தாரிடம் இருந்த நிலம் 6 சதவீதம், 1937-இல் 25. பெருமைப்பட ஒன்றுமில்லை, சிக்கிக்கொண்ட முதல் அது. 1942-இல் ஜப்பான் படை வந்தது, எல்லாம் போயிற்று. ரங்கோன் அரிசியும் நின்று, இங்கே ரேஷன் வரிசை வந்தது. அந்த அரிசி எத்தனை வயிறுகளை நிரப்பியது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆகவே அதைத் தஞ்சை மிராசுதார் சொன்னதுபோல் வெறும் சாபம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

முன்பே சுதாரித்துப் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. முருகப்பா குடும்பம் அப்படி. 1949-இல் அம்பத்தூரில் அவர்கள் தொடங்கிய சைக்கிள் ஆலை, தமிழ்த் தொழிலாளிக்குக் காசாகச் சம்பளம் கொடுத்தது. என் கணக்கில், வெளியே போன முதலால் ஊர்க் கூலியாள் கண்ட பெரிய நன்மை அது திரும்பி வந்தபோது கிடைத்ததுதான். அதுவும் அம்பத்தூர் வரைக்கும்தான் வந்தது. டெல்டாவில் பண்ணையாளின் கூலியை மாற்றியது எந்த முதலும் அல்ல. செங்கொடிச் சங்கங்களின் போராட்டமும் அதையடுத்து 1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும்தான். அந்தச் சட்டம் நிர்ணயித்த கூலியும் நெல்லாகவே இருந்தது.