கூடாரமும் கொட்டிலும்

கடற்கரையில் கூடாரமடித்து விடுமுறை கழிப்பது நம் வழக்கமல்ல, ஆகவே அந்த வகைச் சிரிப்புப் படமும் நமக்கு வாய்க்காது என்று சினிமா பேசுவோர் அடிக்கடி சொல்கிறார்கள். இலங்கையின் நுரைச்சோலைப் பக்கம் வந்துபோனவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்.

பிரான்சில் சம்பளத்தோடு விடுமுறை 1936இல் சட்டமானது. 1953இல் ழாக் தத்தி கடலோர விடுதி ஒன்றின் கதவையும் கதிரையையும் வைத்தே சிரிக்கவைத்தார். 2006இல் ஃபாபியன் ஒந்தெனியாந்தின் 'காம்பிங்' வந்தது. கார் பழுதாகி நடுவழியில் நின்ற பணக்கார வைத்தியர், முன்பின் தெரியாத ஒருவனின் கூடாரத்தில் ஒண்டுகிறார். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்த சாதாரணப் படம்தான். ஆனால் அதன் சிரிப்பு விடுமுறையிலிருந்து பிறக்கவில்லை. அடுத்த கூடாரத்துக் குறட்டையும் கேட்டுவிடுகிற நெருக்கத்திலிருந்து பிறக்கிறது.

தமிழகத்தில் கடல் 'படகோட்டி'யில் வீரனுக்கும் 'கடலோரக் கவிதைக'ளில் காதலுக்கும் போய்விட்டது. 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் ரவிச்சந்திரன் அடித்தது அசல் கூடாரம். ஆனால் அதுவும் பாலையாவின் வீட்டுக்கெதிரே, வேலை கேட்டுப் போராட.

நமக்கான வழி 1976இலேயே திறந்தது. வானொலித் தொடரிலிருந்து வந்த இலங்கைத் தமிழ்ப் படமான 'கோமாளிகள்' ஒரே கூரையின் கீழ் பல தமிழ்களை மோதவிட்டது. ராமதாஸ் பேசியது முஸ்லிம் தமிழ், ராஜகோபால் பேசியது யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் பேசியது சிங்களம் தோய்ந்த தமிழ். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்ற பாத்திரப் பெயர்கள் அவர்களோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டன. 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று', வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவரைக் காட்டியது. ஆனால் அவர்களைச் சிரிக்க விடவில்லை. இலக்கியப் பேச்சில் அதற்குள்ள மரியாதை 'கோமாளிக'ளுக்கு இல்லை. இது நம் விமர்சனத்தின் செவிட்டுத்தனம். பிறகு யுத்தம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். 'முகாம்' என்ற சொல்லே இந்தக் கரையில் கனத்துப்போனது. இங்கே கூடாரச் சிரிப்பு அரிதாவதற்குக் காரணம் அதுதான், வழக்கமின்மை அல்ல.

அந்த வழக்கம் கற்பிட்டிப் பக்கத்துத் தலவிலவில் கண்முன்னே இருக்கிறது. ஒகஸ்ட் மாதம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சட்டி பானையோடு வரும் குடும்பங்கள் கடலோரத்தில் நாட்கணக்காகத் தங்குகின்றன. கூடாரத்துக்கும் கொட்டிலுக்கும் இடையே ஒரு முழம் மணல், சுவருக்குப் பதில் துணி, இந்தப் பக்கம் சிங்களம், அந்தப் பக்கம் தமிழ். 'கோமாளிகள்' விட்ட இடம் இதுதான்.

அடுத்த படத்துக்குக் கதை தேடுகிறவர்கள் நுரைச்சோலையின் அனல்மின் புகைபோக்கியைத் தாண்டி, கற்பிட்டி வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் வாருங்கள். நாலு நாள் கொட்டிலில் தங்குங்கள். கமராவைப் பிறகு கொண்டுவரலாம், முதலில் காதைக் கொண்டுவாருங்கள்.