தீர்ப்பும் சொல்லும்

2023 அக்டோபர் 17இல் இந்திய உச்சநீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்து, அப்பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டது. நம் மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் அத்தகைய மணத்தை ஏற்பதில்லை.

ஆயினும் தமிழாசிரியர் ஊன்றிக் கற்கத்தக்கது, சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7இல் பிறப்பித்த ஆணையே. பாதுகாப்பு வேண்டிய இரு பெண்களின் வழக்கில், நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையை மறையாது ஒப்பி, உளவியலாளரிடம் பாடங்கேட்ட பின்னரே ஆணையிட்டார். அவ்வழக்கின் பயனாக, 2022இல் தமிழ்நாட்டரசு கண்ணியமான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

மணம் சட்டத்தின் பொறுப்பு. சொல்லோ நம் பொறுப்பு. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மாணவன் ஒருவன்மீது எறியப்படும் வசையை நாம் கேளாதார்போல் கடக்கலாமோ? நீதிபதியே மாணாக்கராயினார், ஆசிரியர்க்கு அதில் இழுக்கென்ன?